கலர் இறங்குகிறது என்று சொன்னேன்

விருத்தாசலம்,
19.3.2006, ஞாயிறு

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

உன் கமலாக்கா எழுதுவது. இங்கே நான், பூர்ணிமா, அவள் அப்பா மூன்று பேரும் சுகம். கடிதம் என்றால் இந்த வரியை எல்லாரும் எழுதுவார்கள், காய்ச்சலில் படுத்துக்கொண்டும் எழுதுவார்கள். நான் ஆறு வாரமாக இதை எழுத முடியாமல் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் எழுதுகிறேன், ஆகவே நீ முழுசாக நம்பலாம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் ஜோ தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? வடக்கே அந்த மோர்பியில் குளிர் விட்டதா? அந்த ஊர்ச் சோறு இப்போதாவது தொண்டையில் இறங்குகிறதா?

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உங்கள் போன் எப்போதும் தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அடிவயிற்றுச் சமாசாரம். இன்லேண்டில் எழுதினாலும் ஓரத்தை விரித்துப் பார்க்கிற கண்கள் உண்டு என்றுதான் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறேன். முதலில் தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் தம்பியிடம் நீயே கொடு. இதில் ரெண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, எனக்குப் புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார்கள், அது இல்லை என்று ஆகிவிட்டது. இன்னொன்று, உனக்கு நான் ஒரு தப்பான பேச்சைச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை நீ இன்றோடு மறந்தாக வேண்டும்.

முதலில் என் கதையைக் கேள். போன ஆடியில் நம் பீங்கான் கம்பெனிக்குக் கொலு பொம்மை ஆர்டர் வந்தது. சிவப்புப் புடவைக்கரை, உதடு, நெற்றிப்பொட்டு எல்லாம் என் பங்கு. என் வேலைதான் உனக்குத் தெரியுமே, பிரஷ்ஷை உதட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் எனக்கு முனை கூராக நிற்கும். அந்த மாதத்தில்தான் ஒருநாள் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. நான் கொஞ்சமும் பயப்படவில்லை. நம் மேஜையில் உட்கார்ந்து கலர் அடிக்கிற பன்னிரண்டு பெண்களும் இதற்கு என்ன சொல்வோம்? கலர் இறங்குது. எந்தக் கலரைத் தொட்டோமோ அது உடம்புக்குள் போய் இறங்கி வருகிறது, ரெண்டு டம்ளர் மோர் குடித்தால் சரியாகிவிடும். குடித்தேன், நின்றது. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அதற்கும் மோர்தான்.

கார்த்திகையில் ஆர்டர் மாறிவிட்டது. ஒரு மாசம் முழுக்கப் பச்சைக்கிளி. எனக்கு உடம்பும் இறக்கையும், கனகாவுக்கு மூக்கு. நான் சிவப்பு டப்பாவை மூடி மேல் பலகையில் வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போதும் எனக்குச் சிவப்பாகவே போனது. அவர்கள் சொல்கிறபடி பார்த்தால், ஏன், நான் சொல்கிறபடி பார்த்தால், பச்சை அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? அடக்க முடியாத ஒருநாள் கம்பெனிக்குப் பின்னால் கருவேல மறைவில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். அன்றைக்கு நான் மோர் குடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் வரட்டும் என்றேன், பொங்கல் வந்தது. ஆற்றுத் திருவிழா போகட்டும் என்றேன், அதுவும் போனது. ஒருநாள் வலது இடுப்பில் சுருக்கென்று பிடித்துக் குனிந்தவள் நிமிர முடியவில்லை. பூர்ணிமாதான் கையைப் பிடித்து ஊரில் இருக்கிற லேடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். எத்தனை நாளா இப்படி போவுது என்று டாக்டர் கேட்டார். ஆறு மாசம் என்று சொன்னால் திட்டுவாரே என்று, ரெண்டு நாளாத்தாங்க என்று சொல்லிவிட்டேன். பூர்ணிமா பக்கத்தில் நிற்கிறாள் என்ற கூச்சம் வேறு. சிறுநீரில் இருக்கிற செல்லைப் பார்க்கிற பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரு டப்பா கொடுத்தார்கள். விடியற்காலையில் எழுந்ததும் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது, முழுக்க இங்கிலீஷ். பூர்ணிமா ரெண்டு தடவை படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறான செல்லுங்க இருக்குதுன்னு போட்டிருக்கும்மா என்றாள். டாக்டர் அதிகம் பேசவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி ரிப்போர்ட்டோடு பின் அடித்துக் கொடுத்தார். தாமதம் பண்ணாம போங்க என்றார்.

அன்று சாயங்காலமே பூர்ணிமா ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போய், கம்ப்யூட்டரில் அந்த இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுத் தேடியிருக்கிறாள். வீங்கின கண்ணோடு வந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கம்ப்யூட்டர் பத்துக் காரணம் காட்டியிருக்கிறது, அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். காலேஜ் போகும்போது தலை வாரிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள், ஃப்ளோரா, இருபது வயசுப் பெண். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் போய்விட்டால் இவள் கோபத்தை எல்லாம் யாரிடம் காட்டுவாள் என்று நினைத்தேன்.

பூர்ணிமா அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது அரவை சீசன். பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னதும் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாள் விடிந்ததும் குளித்து வேட்டி கட்டி, எங்கே என்று சொல்லாமல் கிளம்பிப் போய் மத்தியானம் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் பாண்டிச்சேரி போனோம். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவரும் பெண்தான், பூர்ணிமாவுக்கு அக்கா மாதிரி இருந்தார். பழைய ரிப்போர்ட் எங்கே என்றார். நான் பூர்ணிமாவைப் பார்த்தேன். பூர்ணிமா பையைக் கவிழ்த்துத் தேடினாள். என் வீட்டுக்காரர் மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா, பைல்ல வச்ச ரிப்போர்ட்ட பாத்தியா என்று அவள் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். அது கொளஞ்சியப்பர்கிட்ட இருக்குது என்றார்.

ஃப்ளோரா, நீ நம்ப மாட்டாய். மனிதர் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருக்கிறார். ஊரெல்லாம் கட்டுகிறதுதான். காணாமல் போன மாட்டுக்கும், பேச்சு மாறின பங்காளிக்கும் சாமியிடம் புகார் எழுதிச் சுருட்டி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். இவர் என் சிறுநீரைப் பற்றிப் புகார் எழுதி, அதோடு ரிப்போர்ட்டையும் டாக்டர் சீட்டையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். ஜெராக்ஸ் வைக்கக் கூடாதா என்று பூர்ணிமா பல்லைக் கடித்தாள். கலெக்டருக்கு மனு கொடுத்தாலே ஆதாரம் கேக்குறாங்க, சாமிக்கு நகலையா வெக்கிறது என்று அவர் கேட்டாரே பார்க்கணும். போய் அவிழ்த்து வரலாமா என்றால், கட்டின பிராத தொடக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

நான் அவமானத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அப்புறம் சிரித்தார். பரவாயில்ல, எப்படியும் நான் மறுபடி எடுத்துத்தான் பார்ப்பேன் என்றார். ஆனா காகிதம் இல்லாததால எல்லாத்தையும் நீங்கதான் வாயால சொல்லணும், முதல்லேர்ந்து சொல்லுங்க என்று, மற்ற ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

அந்தச் சீட்டு இருந்திருந்தால் அதில் ரெண்டு நாள் என்றுதான் இருந்திருக்கும். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். அது இல்லாமல் போனதால் உண்மை வந்துவிட்டது. ஆடியில் ஆரம்பித்தது, மோர் குடித்தது, கிளிக்குப் பச்சை அடித்தது, எல்லாம் சொன்னேன். கலர் இறங்கும் என்று நான் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரஷ்ஷை உதட்டில் வைத்து இழுப்பதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். வாய் வழியாகப் போன பெயின்ட் அப்படியே சிவப்பாக வெளியே வராது, அது உடம்புக்குள் வேறு கெடுதல் பண்ணும், இனிமேல் தொடவே கூடாது, சிவப்பாகப் போனால் அது ரத்தம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர் என்றேன். ஏன் என்றார். குடித்தால் போக வேண்டும், போவதற்கு இடம் இல்லை, வெளிச்சத்தில் கருவேலங்காட்டுக்கு எத்தனை தடவை போவது, காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் என்றேன். எத்தனை வருஷமா என்றார். பதினெட்டு என்றேன். அவர் தன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். செல்லுங்க வழக்கமா இருக்கிற மாதிரி இல்லன்னு மட்டும்தான் அந்த ரிப்போர்ட் சொல்லும், ஏன் அப்படி இருக்குதுன்னு சொல்லாது. உள்ளே கல் உரசினாலும் செல் அப்படித் தெரியலாம், கிருமி சேர்ந்தாலும் தெரியலாம், புண் இருந்தாலும் தெரியலாம். புற்றுநோயாக இருந்தாலும் தெரியும். அதனால பயந்து மூலையில உக்காரவும் கூடாது, ஒண்ணுமில்லன்னு விடவும் கூடாது, காரணத்தைத் தேடணும் என்றார். சூளையிலிருந்து வந்த சாமானைக் கனகா தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததைத் தனியாக எடுத்து வைப்பாளே, அது எல்லாமே விரிசல் விட்டதாகவா இருக்கும்? அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். எழுந்ததும் முதலில் போவது ராத்திரி முழுக்கச் சிறுநீர்ப் பையில் கிடந்தது, அதில் செல் கெட்டுப்போயிருக்கும், தண்ணீர் குடித்துவிட்டு ரெண்டாவது தடவை போவதைக் கொடு என்று புதுசாக வாங்கிக்கொண்டார்.

ஸ்கேனில் கல் தெரிந்தது. கிட்னிக்கும் பைக்கும் நடுவில் இருக்கிற குழாயில், துவரம்பருப்பு அளவில் ஒன்று அடைத்துக்கொண்டு உரசி உரசிப் புண்ணாக்கியிருந்தது. கிருமியும் சேர்ந்திருந்தது. இருந்தாலும் உள்ளே பார்த்துவிடுவோம் என்று மரத்துப்போக மருந்து வைத்து, சன்னமான குழாயில் கேமராவை விட்டுப் பையைப் பார்த்தார்கள். வலியைவிடக் கூச்சம்தான் பெரிசு. அந்த அஞ்சு நிமிஷமும் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, பூர்ணிமாவின் ஜாக்கெட் பிட் தையல்காரரிடம் கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசு ஏன் அப்படிப் போகிறது என்று தெரியவில்லை. பை சுத்தமா இருக்கும்மா, கட்டி எதுவும் இல்ல என்று டாக்டர் சொன்னபோதுதான் அழுதேன், அதுவும் சத்தமாக.

அடுத்த வாரம் கல்லை அந்த வழியாகவே எடுத்துவிட்டார்கள், வயிற்றைக் கிழிக்கவில்லை. ரெண்டு வாரம் மாத்திரை. அதன் பிறகு மறுபடி சிறுநீர் கொடுத்து, போன வியாழக்கிழமை முடிவு வந்தது. வழக்கத்துக்கு மாறான செல் ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. ஆனியில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ, தவறவிடாதே என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில் வடலூர் தாண்டினதும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். சரி தூசிதான் என்றேன். பிராது ஜெயித்துவிட்டது, போய் அதை வாபஸ் வாங்கிச் சாமிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இப்போது ஒரே நச்சரிப்பு. ஆனி ரிப்போர்ட்டும் வரட்டும், சாமியும் அதுவரை கொஞ்சம் கவனமாக இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். தர்மராஜ் முதலாளி முன்னால் பன்னிரண்டு பேரும் போய் நின்றோம். அடுத்த ஷெட்டில் நாளெல்லாம் கக்கூஸ் பீங்கான் செய்து லாரி லாரியாக ஏற்றுகிறார்கள், அதே காம்பவுண்டில் நமக்கு ஒரு கக்கூஸ் இல்லை என்று நான்தான் பேசினேன். முதலாளி முதலில் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுவர் எழும்பியிருக்கிறது. கதவு இன்னும் வரவில்லை. கனகா தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து எல்லாரையும் மிரட்டிக் குடிக்க வைக்கிறாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

இனி உன் விஷயம். நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் முந்தானையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாய். ரத்தமா போவுதுக்கா என்றாய். டாக்டர்கிட்ட போவட்டுமா என்று கேட்டாய். நான் சிரித்தேன். பைத்தியமே, கலர் இறங்குது, மோர் குடி என்றேன். அதோடு விட்டேனா? மேஜைக்குக் கூட்டிப்போய் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கனகா உனக்குக் கலர் ராணி என்று பேர் வைத்தாள். இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். கலர் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ பயந்து நின்றதைப் பார்த்து, உன்னைத் தேற்ற வேண்டும் என்று அந்த நிமிஷம் என் வாயில் வந்ததைச் சொன்னேன். ரெண்டு நாளில் உனக்கு நின்றுபோனது. அதற்கப்புறம் மேஜையில் எல்லாரும் அதையே சொன்னார்கள், நாலு வருஷத்தில் நானே அதை நம்பிவிட்டேன். நான் கட்டிவிட்ட கதையை நானே குடித்து ஆறு மாசம் உட்கார்ந்திருந்தேன்.

போன தீபாவளிக்கு நீ போன் பண்ணினபோது, இங்கயும் கலர் இறங்குதுக்கா என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். பொங்கலன்று ஜோ தம்பி பேசும்போது, நீ அங்கே போனதிலிருந்து கலர் அடிக்கிற பக்கமே போகவில்லை, டைல்ஸை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலைதான் என்று சொன்னார். அதை நான் கேட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில், நாம் தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தலையைச் சாய்த்தபோதுதான் அது மண்டையில் உறைத்தது. பெட்டி அடுக்குகிறவளுக்கு என்ன கலர் இறங்கும், ஃப்ளோரா?

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாரும் நான் பிழைத்தேன் என்று சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், பொய் இல்லை. ஆனால் அது முழுசாக ஆவது உன் கையில் இருக்கிறது. உனக்கும் என்னைப் போல ஒரு கல்லாக இருக்கும். கிருமியாக இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் போகும். எதுவாக இருந்தாலும் ஒரு டாக்டர் சொல்லட்டும், நான் சொல்லி நீ கேட்டது போதும்.

பாஷை தெரியாது, ஆம்பளை டாக்டர், வெட்கம் என்று காரணம் தேடாதே. பூர்ணிமா தனித் தாளில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி இதோடு வைத்திருக்கிறாள். எந்த வருஷம் முதலில் வந்தது, அப்புறம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லியிருக்கிறேன். நடுவில் எத்தனை தடவை வந்தது என்பதற்கு இடம் விட்டிருக்கிறாள். உண்மையை நிரப்பு, ரெண்டு நாள் என்று எழுதாதே. தாளை டாக்டரிடம் நீட்டினால் போதும். ஜோ தம்பி ஒரு நாள் லீவு போட்டுக் கூட வரட்டும். வேலைதான் முக்கியம் என்று அவர் சொன்னால், கமலாக்கா போனில் வருவாள் என்று சொல், அவருக்குப் புரியும்.

உங்கள் பெரியநாயகி மாதா உன்னை விட்டுவிட மாட்டாள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு நான் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாய். அதே மாதிரி இதையும் நம்பு, இந்த வாரமே போ. நல்ல சேதி என்றால் கடிதம் போடு, நான் காத்திருக்கிறேன். வேறு மாதிரி என்றால் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே, போன் பண்ணு. மோர்பிக்கு எந்த ரயிலில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று பூர்ணிமாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு
உன் அக்கா,
கமலம்